திரைச்சீலைச் செம்மல் கணினி சமைத்த படலம்

சாளரந்தோறும் சென்று சாளரம் அளந்தவன் வாழ்க! வாயில்தோறும் நின்று வாயில் அளந்தவன் வாழ்க! கழுத்தில் மாலையெனத் துவளும் அளவுநாடாவும், காதிடுக்கில் குறுவாளெனச் செருகிய பென்சிலும் பூண்டு, மாடிமேல் மாடியாய் ஏறிப் பிறர் வீட்டுப் படுக்கையறைக்குள் தயக்கமின்றிப் புகுந்து, அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று அறுதியிட்டு உரைத்து, அவ்வுரையைத் தையற்கூடம் முழுதும் தலைமேற்கொண்டு தைக்கச் செய்யும் திரைச்சீலைச் செம்மல், பட்டுக்கும் பருத்திக்கும் பாலியெஸ்டருக்கும் ஒருபடித்தாய் அருள்சுரக்கும் பெருந்தகை, வாழ்க, வாழ்க, அவன் நாடா அறுபடாது நீடு வாழ்க! அதாவது, அவன் ஒரு திரைச்சீலைக் கடையில் அளவெடுக்கும் வேலை பார்த்துவந்தான்.

அத்தொழிலுக்கென்று ஒரு மந்திரம் உண்டு. அளந்த அளவுக்கு மேல் ஒரு சாண் சேர்த்து வெட்டச் சொல்ல வேண்டும். துணி குறைந்தால் கடைக்கு நட்டம், வசவு, வாடிக்கை முறிவு; கூடினாலோ அடியில் மடித்து ஒரு தையல் ஓட்டிவிட்டால் தீர்ந்தது கதை. இம்மந்திரத்தை உருவேற்றி உருவேற்றி நாளடைவில் நம் தலைவன், அது திரைச்சீலைக்கு மட்டும் உரியதன்று, அண்டசராசரம் அனைத்துக்கும் பொது என்றே முடிவுகட்டிவிட்டான். சட்டை வாங்கினால் தோள் முழங்கைவரை தொங்கும். குக்கர் வாங்கினால் கல்யாண வீட்டுக்கே சோறாக்கலாம்; உண்பவரோ இருவர். செருப்பு வாங்கிவந்த அன்று அவன் மனையாள் மட்டும் வாய்விட்டுக் கேட்டாள்: "நாப்பது வயசுக்கு மேல காலு வளருமாங்க?" பெரியோர் இத்தகைய கேள்விகளுக்கு விடையிறுப்பதில்லை, அவனும் விடையிறுக்காமல் பஞ்சை உருட்டிச் செருப்புக்குள் வைத்துக்கொண்டான்.

இனிப் பகை புகுந்த வழி சொல்லுவேன். பகைவன் கடல்கடந்து வந்தவன் அல்லன். மனையாளின் உடன்பிறந்த தம்பி, கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியொன்றில் ஆசான், இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவன். நாடோறும் மாலையில் மைத்துனர் இருவரும் அவரவர் வீட்டில் அமர்ந்து, காதில் ஒலிக்கருவி மாட்டி, கணினித் திரைக்குள் விரிந்து கிடக்கும் பாழ்நகரத்தில் ஒருவரையொருவர் துப்பாக்கியால் சுட்டுக்கொள்வது வழக்கம். மைத்துனனிடம் இருந்ததோ மின்னலெனப் பாயும் கணினி. செம்மலிடம் இருந்ததோ வயது முதிர்ந்த ஒரு மடிக்கணினி. சற்றே ஓடினால் போதும், அடிவயிறு கொதிக்கும், உள்ளிருக்கும் காற்றாடி ஈளைநோயாளிபோல் இரைக்கும், பிறகு திரை உறைந்துவிடும். அவனுடைய வீரன் ஒரு சுவரைப் பார்த்தபடி கற்சிலையாய் நிற்பான். பின்னாலிருந்து யார் வேண்டுமானாலும் சுடலாம். ஒருநாள் அவ்வாறு நின்றபோது காதுக்குள் மைத்துனன் குரல் கேட்டது: "மாமா, உங்க ஆளு செவுத்தையே பாத்துட்டு நிக்கிறாரு. ஸ்க்ரீன் போட அளவெடுக்கிறாரா?"

அந்தோ! குலத்தைப் பழித்தால் பொறுப்பர், குணத்தைப் பழித்தாலும் பொறுப்பர். தொழிலைப் பழித்தால் பொறுப்பார் உளரோ? செம்மலின் மீசை துடித்தது. காதிலிருந்த கருவியைக் கழற்றி மேஜைமேல் எறிந்தவன், மைத்துனன் காதுக்கு எட்டும் ஒலிவாங்கியும் அதோடு போய்விட்டதை உணர்ந்து மீண்டும் எடுத்து மாட்டிக்கொண்டு, எட்டுத்திக்கும் கேட்கச் சூளுரைத்தான்: "இந்த ஊரே பாக்காத கம்ப்யூட்டர் ஒண்ணு, நானே பார்ட் பார்ட்டா வாங்கி, நானே மாட்டுறேன் பாரு. அதுக்கப்புறம் வாயத் தொறடா மாப்ள!" எட்டுத்திக்கில் ஒரு திக்கு உணவுமேஜையாய் இருந்தது, அங்கே அவன் மனையாளிடம் முக்கோணவியல் பயின்றுகொண்டிருந்த பிள்ளைகள் ஐவரும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தனர்.

அவளை இங்கே அறிமுகம் செய்தல் கடன். சைன் தீட்டா காஸ் தீட்டா ஆகிய பேய்களை ஒற்றைப் பேனாவால் ஓட்டவல்ல கணிதமாதேவி அவள். பள்ளிப்பிள்ளைகளுக்கு மாலைதோறும் கணக்கு டியூஷன் எடுப்பவள். இடம் கூடம்; ஆசனம் உணவுமேஜை. ஒருபுறம் குக்கர் விசிலடிக்கும், மறுபுறம் கணவன் "பின்னால வரான், சுடு, சுடு!" என்று அலறுவான், நடுவே ஒரு கோணம் தொண்ணூறு பாகையா அறுபது பாகையா என்று தெரியாமல் பிள்ளைகள் விழிக்கும். 'உங்க வீட்ல என்னமோ சண்டை நடக்குதாமே' என்று விசாரித்துவிட்டு இரண்டு பெற்றோர் தம் பிள்ளைகளை நிறுத்தியும்விட்டனர். கூடத்தை ஒட்டி ஒரு சிற்றறை இருந்தது. உடைந்த நாற்காலி, இஸ்திரிப் பலகை, யாரும் திறக்காத அட்டைப்பெட்டிகள் ஆகியோர் அதுவரை அங்கே வாழ்ந்தனர். அவ்வறைமேல் மாதேவிக்குக் கண்; சூளுரைத்த கணத்திலிருந்து செம்மலுக்கும் கண்.

மாதேவி உடன்படிக்கை ஓதினாள். "ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வரைக்கும் டைம். அதுக்குள்ள உங்க கம்ப்யூட்டர் இந்த ரூமுக்குள்ள ஓடணும், கதவும் சாத்தணும். சாத்துச்சுன்னா ரூம் உங்களுது, உள்ள நீங்க குண்டு போட்டுக்கூட விளையாடுங்க, நான் வாயே தொறக்க மாட்டேன். சாத்தலேன்னா திங்கக்கிழமையில இருந்து என் பசங்க அங்க உக்காருவாங்க. புது பேட்ச் வேற வருது."

"கதவு சாத்தாம எங்க போயிடும்?" என்று செம்மல் நகைத்தான்.

"அளந்து பாத்துட்டீங்களா?"

"யாரைப் பாத்து கேக்குற? என்னையா கேக்குற?" என்று மார்தட்டினான். அளவுநாடா அப்போதும் அவன் கழுத்தில்தான் கிடந்தது. அவன் அளக்கவில்லை.

சிரிப்போர் சிரிக்க. ஆயினும் அவ்வறை அவனுக்கு எதற்கு என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை சொல்பவன்மேல் பழி வரும். பகல் முழுதும் பிறர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பிறர் வீட்டுச் சன்னலருகே முக்காலியில் ஏறி நின்று, 'கொஞ்சம் மேல, இல்ல இல்ல கொஞ்சம் கீழ' என்று பிறர் ஆட்டிவைக்க ஆடுபவன் அவன். ஊரிலுள்ள எத்தனையோ அறைகளுக்கு மறைப்புத் தைத்துக் கொடுத்தவனுக்கு, உள்ளே நுழைந்து தானே சாத்திக்கொள்ள என்று ஒரு கதவு இதுவரை வாய்த்ததில்லை. அதைத்தான் அவன் விரும்பினான், மிகவும் விரும்பினான். அதற்காக அவனை மன்னித்துவிடலாம் என்று பார்த்தால், அடுத்து அவன் செய்த கூத்துகள் நம்மை விட்டால்தானே!

கணினியின் ஏனை அங்கங்களைக் கடைக்காரர் காட்டியபடி ஒரே மாலையில் வாங்கிவிட்டான்: சிந்திக்கும் பிராசசர், அது அமரும் மதர்போர்டு, படம் தீட்டும் கிராபிக்ஸ் கார்டு, இவையெல்லாம் குடியிருக்க ஒரு கேபினெட். எஞ்சியவை இரண்டு. ஒன்று ராம் எனும் நினைவகம். கணினி தான் செய்யும் வேலையைக் கைக்கெட்டும் தூரத்தில் பரப்பிவைத்துக்கொள்ளும் பலகை. மற்றொன்று கூலர் எனும் குளிர்விப்பான். பிராசசரின் மண்டைக்கனல் ஆற்றும் மருத்துவன். இவ்விரண்டில்தான் தன் நுண்மாண் நுழைபுலம் வெளிப்பட வேண்டும் என்று செம்மல் உறுதி பூண்டான். நுழைபுலத்துக்குத் தீனி போட யூடியூபைத் திறந்தான்.

என்னே அந்த அமைச்சரவை! தாடி வைத்த இளைஞர் ஒருவர் தோன்றி, பதினாறு ஜிபி நினைவகம் போதும் என்று அருளினார். தாடி வைக்காத இளைஞர் ஒருவர் தோன்றி, முப்பத்திரண்டுக்குக் குறைந்தால் கணினியே வாங்காதே, போய்ப் பிள்ளைகுட்டிகளைப் பார் என்று சபித்தார். தொப்பி அணிந்த மூன்றாமவர், அளவு கிடக்கட்டும், வேகமே வேகம் என்று மேஜையைக் குத்தினார். அவருடைய பேச்சில் பாதி செம்மலுக்கு விளங்கவில்லை, ஆகவே அவரைப் பெரிதும் மதித்தான். அலுவல்நேரத்தில், ஒரு மூதாட்டியின் வீட்டு வரவேற்பறையில் முக்காலிமேல் நின்றவாறே இவர்களைக் கேட்டுக் கேட்டு, அவளுடைய சன்னலின் அகலத்தை உயரமாகவும் உயரத்தை அகலமாகவும் குறித்துக்கொண்டு வந்தான். முடிவில் அவன் தேர்ந்த தீர்ப்பு இது: பதினாறு போதும் என்பவனும் இருக்கிறான், முப்பத்திரண்டு வேண்டும் என்பவனும் இருக்கிறான், ஆதலால் அறுபத்துநான்கு. கூடினால் என்ன குடியா முழுகிவிடும்?

கடைக்காரர் கண்ணாடிப்பெட்டியைத் திறந்தார். அவரும் லேசுப்பட்டவர் அல்லர். எதைக் கேட்டாலும் அதைவிடப் பெரிதாக ஒன்றை உள்ளறையில் வைத்திருக்கும் வள்ளல். அவ்வகையில் செம்மலின் இனத்தவர். முதலில் குட்டையாய், கறுப்பாய், அலங்காரம் ஏதுமின்றி, அரசாங்க அலுவலகத்து ஸ்கேல்போல் இருந்த நினைவகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கேமுக்கு இது தாராளம் சார். ஆனா பெருசு ஒண்ணு இருக்கு."

உள்ளறையிலிருந்து வந்தது அது. வெள்ளிக்கவசம் பூண்டு, உச்சியில் சிகரம் சிகரமாய் முடி தரித்து, முடியினுள்ளே செம்மை நீலமாகி நீலம் பச்சையாகிப் பச்சை பொன்னாகி ஒளி ஓடோட, குட்டையானதைப்போல் இருமடங்கு உயர்ந்து நின்றது. செம்மலின் நா உலர்ந்தது.

"இது எக்ஸ்ட்ராவா என்ன பண்ணும்?"

"லைட்டு எரியும் சார்."

"வேற?"

"கலர் மாறும்."

"நாலு குடுங்க" என்றான் நாடாளும் கோமகன்.

குளிர்விப்பான் தேர்விலோ சமயப்பூசல் இருந்தது. காற்றால் குளிர்விப்பதே வழி என்பார் ஒரு கூட்டத்தார். குழாய்வழி நீரோட்டிக் குளிர்விப்பதே வழி என்பார் மற்றொரு கூட்டத்தார். இருசாராரும் இணையத்தில் ஒருவர் தாயை ஒருவர் விசாரிக்கும் அளவுக்குப் பகை முற்றியிருந்தது. செம்மல் நீர்வழிக்குச் சாய்ந்திருப்பான். ஆனால் அவனே பழுதுபார்த்த சமையலறைக் குழாய் அன்றும் துணிக்கட்டோடு சொட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. மின்சாரத்துக்குள் தண்ணீரா, வேண்டவே வேண்டாம் என்று காற்றின் அடி பணிந்தான். பிராசசரோடு இலவசமாகவே ஒரு சிறு குளிர்விப்பான் வந்திருந்தது. அதை ஏறிட்டும் பாராமல், காகிதம் பறக்காமலிருக்க மேலே வைக்கும் கனமாக்கிக்கொண்டான். "பெருசு ஒண்ணு இருக்கு" என்றார் வள்ளல். வந்தது இரட்டைக் கோபுரம்: தகடுமேல் தகடாய் அடுக்கி, செப்புக்குழாய்கள் ஊடுருவி, கோபுரத்தின் முன்னும் நடுவும் இரு பெருங்காற்றாடிகள் பூட்டும் மாமலை. செங்கல் இரண்டைச் சேர்த்துக் கட்டினாற்போல் கனத்தது. குழந்தையை ஏந்துவதுபோல் இரு கையாலும் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

சனிக்கிழமை புலர்ந்தது. போர்க்களம் சிற்றறை; உடைந்த நாற்காலியும் அட்டைப்பெட்டிகளும் கட்டிலடிக்கு நாடுகடத்தப்பட்டிருந்தன. பழைய படிப்பு மேஜைமேல் பாகங்கள் வரிசையாய்க் கிடக்க, கையில் திருப்புளியேந்திச் செம்மல் நின்ற கோலம் கண்டால் கல்லும் கரையும். மைத்துனன் கரையவில்லை. பிஸ்கட் பொட்டலத்தோடு வந்து கதவோரம் சப்பணமிட்டு அமர்ந்தான்.

பிராசசர் அமர்ந்தது. நினைவகம் நான்கும் 'டக் டக்' என்று காடிகளில் இறங்கி, கொத்தளத்தில் நிற்கும் காவலர்போல் வரிசை பிடித்தன. பிராசசர்மேல் தடவ வேண்டிய வெப்பம் கடத்தும் பசை பட்டாணியளவு போதும் என்பது, தாடி வைத்தவரும் வைக்காதவரும் ஒருமித்துச் சொன்ன ஒரே விஷயம். ஒரு சாண் கொள்கையுடைய நம் தலைவன் அக்குழாயைக் கூட்டுக்குடும்பத்துக்குப் பல் துலக்கத் தருவதுபோல் பிதுக்கினான். கோபுரத்தை மேலே வைத்து அழுத்தியதும் நாற்புறமும் சாம்பல்நிறச் சேறு பிதுங்கிற்று. கைக்குட்டையால் துடைத்தான், பிறகு அதே கைக்குட்டையால் நெற்றியையும் துடைத்தான்.

இனி முன்காற்றாடி ஒன்றே பாக்கி. கோபுரத்தின் முகப்பில் அது பூட்டப்பட வேண்டும். கையிலேந்தி, மூச்சை அடக்கி, மேலிருந்து இறக்கினான். இறங்கிற்று, இறங்கிற்று, பாதி தூரம் இறங்கிற்று, நின்றது. கீழே நோக்கினான். ஐயகோ! ஒளிமுடி தரித்த நினைவகங்கள் காற்றாடியின் அடியைத் தலையால் தாங்கி நின்றன. ஒருபுறம் விண்முட்டும் கோபுரத்தின் படைத்தலைவன், மறுபுறம் எழுவண்ண முடிமன்னர் நால்வர். இருதரப்பையும் தேடித்தேடிக் கொணர்ந்தவன் அவனே. எவரும் ஒரு நெல்லளவும் வளைந்து கொடுத்திலர். அழுத்தினான். முடியொன்று 'க்ரீச்' என்றது. மறுபுறம் திரும்பி நின்று அழுத்தினான். மதர்போர்டே வில்லென வளைந்தது.

"மாமா, ராம் ஒசரம். ஃபேன் உக்காராது."

"உக்காரும். கொஞ்சம் இழுத்துப் புடிச்சா எல்லாம் உக்காரும்."

"இதென்ன துணியா மாமா, மடிச்சு தைக்க? தகரம்." மைத்துனன் பிஸ்கட்டைக் கீழே வைத்தான், அவன் குரலில் முதன்முறையாகக் கேலி இல்லை. "நான் வேணா இந்த நாலையும் கொண்டுபோய் குடுத்துட்டு குட்டையா இருக்குமே, அதை வாங்கிட்டு வரேன். கேட்டா கடைக்காரர் மாத்திக் குடுப்பாரு. ஓட்டத்துல ஒண்ணும் கொறையாது. லைட்டுதான் இருக்காது."

எளிய வழி, கண்முன் கிடந்த வழி. ஆனால் அவ்வழியே போக, 'அளவு தப்பிவிட்டது' என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். வாழ்நாளெல்லாம் சொல்லாத சொல்லை, சுவரை அளக்கிறாயா என்று கேட்டவன் முன்னிலையில் சொல்ல வேண்டும். "அளவு தப்பா எடுக்கிற ஆளா நான்?" என்று கர்ச்சித்துவிட்டு, காற்றாடியைக் கோபுரத்தின் முகப்பில் இரு விரல் உயரத்தே தூக்கி, கம்பிக் கொக்கியால் பிணித்தான். நினைவகங்களின் முடிக்கு மேலே அது தலைப்பாகைபோல் தூக்கிக்கொண்டு நின்றது. வென்றான்! மைத்துனனை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கேபினெட்டின் கண்ணாடிக் கதவை எடுத்துப் பொருத்தினான். தூக்கிக்கொண்டு நின்ற காற்றாடியில் இடித்து அது சாத்த மறுத்தது.

கண்ணாடியின்றியே வைத்துக்கொள்வோர் உண்டு. தூசி படியும், அவ்வளவுதான். அவர்கள் சிற்றரசர். செம்மல் மாலைக்குள் வள்ளலின் வாசலில் நின்றான். "பெருசு ஒண்ணு இருக்கு சார்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் தலையசைத்தான். ஒரு விரற்கடை அகலம் கூடுதலாய் இருந்தால் போதுமான இடத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று, ஆள் குந்தியிருக்கும் அளவுள்ள கேபினெட்டைத் தேர்ந்தான். வாடகை வண்டியில் அது பின்னிருக்கை முழுதும் பரவி அமர, இவன் ஓட்டுநர் பக்கத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு வந்தான். உள்ளே எல்லாம் புகுந்தன, கண்ணாடியும் சாத்திற்று. தூக்கி மேஜைமேல் வைத்தான். படிப்பு மேஜைக்குத் தலைக்குமேல் ஒரு புத்தகத்தட்டு உண்டு. கேபினெட் தட்டில் இடித்து வெளியே துருத்தி நின்றது.

"கீழ தரையில வெச்சிருங்க மாமா" என்றான் மைத்துனன்.

"தரையில வெச்சா லைட்டு எப்படித் தெரியும்?"

ஞாயிறு காலை செம்மல் தன் கடை முதலாளியைத் தொலைபேசியில் அழைத்து, கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்த பழைய துணிவெட்டு மேஜையை இரந்து பெற்றான். ஆளுயரச் சன்னல்களின் திரைகளையெல்லாம் விரித்து வெட்டிய தேக்கு மேஜை அது. கால்களைக் கழற்றிச் சரித்து, மைத்துனன் முன்னும் தான் பின்னுமாய், சுமைவண்டிக்காரர் நடுவுமாய்ச் சுமந்து, கூடத்தின் மின்விளக்கொன்றைப் பலிகொடுத்து, சிற்றறைக்குள் குறுக்குவாட்டில் நுழைத்துக் கால்களைப் பூட்டினர். சுவர்முதல் சுவர்வரை அது கிடந்தது. அது நுழையும்போது அறைக்கதவு திறந்தே இருந்தது. திறந்து கிடக்கும் கதவை யார் பொருட்படுத்துவார்?

மாலையும் வந்தது. வையம் மூச்சடக்க, செம்மல் ஆள்காட்டி விரலை நீட்டிப் பொத்தானை அழுத்தினான். ஒருகணம் இருள். பின் காற்றாடிகள் ஒவ்வொன்றாய் விழித்துச் சுழல, செம்மை நீலமாகி நீலம் பச்சையாகிப் பச்சை பொன்னாகிச் சிற்றறையின் சுவரெல்லாம் ஒளிவெள்ளம் புரள, திரையில் உயிர் பூத்தது. கோபுரம் மறைத்ததால் நினைவகம் நான்கில் இரண்டு தெரியவில்லை. அதை யார் கேட்டது? செம்மலின் கண்கள் பனித்தன. "எப்படி?" என்றான். அந்த ஒரு சொல்லில் அவனுடைய இளமைப்பருவம் முழுதும் இருந்தது. மைத்துனனும் மறுக்கவில்லை. "சூப்பர் மாமா" என்றான், மனமாரவே சொன்னான்.

மாதேவி கை துடைத்துக்கொண்டே வந்தாள். வாசலில் நின்று நெடுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு உள்ளே வந்து, கதவின் பிடியைப் பற்றி, மெல்ல இழுத்தாள்.

'டொக்.'

மறுபடி இழுத்தாள். 'டொக்.' மேஜையின் மூலை கதவின் வழியில் நான்கு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. செம்மல் மேஜையைத் தள்ளினான், மறுபுறம் சுவர். திருப்பிப் போடலாம் என்றான். திருப்பினால் நாற்காலிக்கு இடமில்லை. மூவரும் அந்த நான்கு விரலைப் பார்த்துக்கொண்டு நின்றனர்.

"மாமா, கடை இன்னும் சாத்தியிருக்க மாட்டாங்க" என்றான் மைத்துனன். "குட்டை ராம் போட்டா ஃபேன் எறங்கிரும். அப்புறம் பழைய கேபினெட்டு, பழைய மேஜை. கதவு அழகா சாத்தும். வண்டிய எடுக்கவா?"

மாதேவி அறத்தின் வழி நின்றாள். "போயிட்டு வாங்க. நான் வெயிட் பண்றேன். இன்னும் சாயந்தரம் முடியலையே" என்றாள். அவளுக்கு அந்த அறை எவ்வளவு வேண்டும் என்பதை அவள் கை காட்டிக்கொடுத்தது. பிடியை இன்னும் விடவில்லை. இருந்தும் நேர்மையாகத்தான் சொன்னாள்.

செம்மல் கதவைப் பார்த்தான். வாழ்வில் முதன்முதலாய்த் தனக்கென்று சாத்திக்கொள்ளக்கூடிய கதவு. அரைமணி நேர வேலை. ஒரே ஒரு வாக்கியம். கடைக்குப் போய், 'சின்னது குடுங்க' என்று கேட்டால் போதும். அவ்வாக்கியம் உதடுவரை வந்ததை நான் அறிவேன். ஆனால் பார்வை கதவைவிட்டு நழுவி, முடிமன்னர்மேல் படிந்து, அங்கிருந்து மைத்துனன் முகத்தில் போய் நின்றது. அம்முகத்தில் ஏளனம் இல்லை, இரக்கம் இருந்தது. அதைத் தாங்கும் வலிமை அவனுக்கு இல்லாமல் போயிற்று. முதுகை நிமிர்த்தினான். நாடாவைக் கழுத்தில் சரிசெய்தான். இறுதிப் பிரகடனம் எழுந்தது:

"அளவெல்லாம் கரெக்டாத்தான் இருக்கு. ரூமைத்தான் சின்னதாக் கட்டித் தொலைச்சிருக்கான்!"

"சரிங்க" என்றாள் மாதேவி. பிடியை விட்டுவிட்டு, வெள்ளைப்பலகையை எடுத்துவரக் கட்டிலறைக்குப் போனாள்.

ஆக, முடிமன்னர் நால்வரும் இரட்டைக் கோபுரமும் மாளிகையும் தேக்குத் தேரும் அன்றே உலா புறப்பட்டுக் கூடத்துக்கு எழுந்தருளின. பிளக் பாயின்ட் இருந்த இடம் அப்படி, கண்ணாடிப்புறம் சுவரை நோக்கியே அமைந்தது. செம்மையும் நீலமும் பச்சையும் பொன்னும் அன்றிலிருந்து சுண்ணாம்புச் சுவருக்கு மட்டும் காட்சி தந்தன. திங்களன்று மாலை, அகிலம் நடுங்கும் அம்மாயந்திரத்தின் முன்னே, திக்கெட்டும் புகழ் பரப்பப்போகும் பெருவீரன், காதில் கருவி மாட்டி, விரல்களை நெரித்துச் சொடுக்கி, இரண்டு தெருவுக்கு அப்பால் காத்திருக்கும் பகைவனைப் பழிதீர்க்கப் பொத்தானை நோக்கிக் கை நீட்டிய வேளையில், சிற்றறைக்குள் புதுப் பிள்ளைகள் பாய் விரித்து அமர்ந்தனர், உள்ளிருந்து ஒரு கை கதவைச் சாத்த வந்து, பாதியில் நிற்க, கூடத்தை எட்டிப் பார்த்தது மாதேவியின் முகம்.

டியூஷன் நடக்கும்போது கம்ப்யூட்டரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.